சின்ன வயதில் பட்ட நஞ்சும் ஐம்பது வயதில் வரும் நடுக்கமும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 56 வயது. வலது கையில் நடுக்கம். பார்க்கின்சன் நோய் என்று போன மாதம் சொல்லியிருக்கிறார்கள். அவர் பிறந்து வளர்ந்தது வயலை ஒட்டிய வீட்டில். பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் அடிக்கிற நாட்களில்கூடக் கைக்குழந்தையாக வரப்போரம் படுத்துக் கிடந்திருக்கிறார். "நான்தான் தூக்கிக்கொண்டு போனேன், என்னால்தான் வந்தது" என்று பாட்டி சரியாகச் சாப்பிடுவதே இல்லை. 50 வருடம் கழித்து அப்படி வர முடியுமா? வரும் என்றால் எனக்கும் என் இரண்டு வயது மகளுக்கும் என்ன ஆகும்? இதுதான் நீங்கள் கேட்டது.

முதலில் நேரான பதில். சின்ன வயதில் பட்ட நஞ்சு பிற்காலத்தில் பார்க்கின்சன் வரும் வாய்ப்பைக் கூட்டலாம் என்று நினைக்க நல்ல காரணங்கள் இருக்கின்றன. ஆனால் உங்கள் அப்பாவுக்கு அதனால்தான் வந்தது என்று எந்தப் பரிசோதனையும் காட்டாது, எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. நான் மருத்துவர் இல்லை. நச்சியல் படித்து, நரம்பு செல்களை நஞ்சு என்ன செய்கிறது என்று பார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். அந்த அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மாணவனாக இருந்தபோது மனித மூளையின் நடுப்பகுதியைக் குறுக்கே வெட்டிய இரண்டு துண்டுகளை ஒரே தட்டில் வைத்துக் காட்டினார்கள். முதல் துண்டில் கண்ணுக்கு மை தீட்டியதுபோல இருபுறமும் இரண்டு கருங்கோடுகள். பூதக்கண்ணாடியே வேண்டாம், தூரத்திலிருந்தே தெரிந்தது. அடுத்தது பார்க்கின்சன் நோயாளியின் மூளை. அதில் அந்த மை அழிந்துபோய், வெளிறிய சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. அந்தக் கருங்கோட்டுக்குப் பெயர் சப்ஸ்டான்ஷியா நைக்ரா. நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அங்கேதான் இருக்கின்றன. கை எடு, கால் வை என்று நாம் நினைத்ததும் உடம்பு தடையில்லாமல் அசைவதற்கு அந்த டோபமைன் வேண்டும்.

இந்தச் செல்கள் கருவின் இரண்டாம் மாத வாக்கிலேயே உருவாகத் தொடங்கிவிடுகின்றன. தோல், ரத்தம் மாதிரி புதிது புதிதாக உண்டாவதில்லை. பிறக்கும்போது கொண்டுவந்ததைத்தான் ஆயுள் முழுக்க வைத்து ஓட்ட வேண்டும். அதுவும் மொத்தமே சில லட்சம் செல்கள். இன்னொன்று, அவற்றில் பாதி அளவு போகும் வரை வெளியில் ஒன்றும் தெரியாது. மீதி இருப்பவை வேலையைப் பகிர்ந்துகொண்டு சமாளித்துவிடும். அதனால் நடுக்கம் தெரியும் நாள் வேறு, நோய் தொடங்கிய நாள் வேறு. மோப்பம் குறைவது, தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கனவுக்கு ஏற்றபடி கைகாலை வீசுவது, இவையெல்லாம் நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிடுவது உண்டு. அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், ஏதாவது ஒன்று நினைவுக்கு வரலாம்.

நஞ்சுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் வலுப்பட்டது 1982இல். வட கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரென்று சிலைபோல உறைந்துபோய் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். பேச்சில்லை, அசைவில்லை, கண் இமைப்பதுகூடக் குறைவு. முதலில் மனநோய் என்றே நினைத்தார்கள். ஒருவருடைய விரல்கள் மட்டும் லேசாக அசைவதைக் கவனித்து, கையில் பென்சிலைக் கொடுத்தபோது அவர் மெல்ல மெல்ல எழுதிக் காட்டினார். அறிவு முழுதாக விழித்திருந்தது, உடம்புதான் கேட்கவில்லை. வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் துருவிப் பார்த்ததில், அவர்கள் எல்லோரும் திருட்டுத்தனமாகத் தயாரித்த செயற்கை ஹெராயினை ஊசியாகப் போட்டுக்கொண்டவர்கள் என்று தெரிந்தது. தயாரிப்பில் நேர்ந்த பிழையால் எம்பிடிபி என்ற வேதிப்பொருள் அதில் கலந்திருந்தது. மூளைக்குள் போனதும் அது எம்பிபி+ ஆக மாறி, டோபமைன் செல்களுக்குள் நுழைந்து, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கிவிடுகிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எம்பிபி+ இன் வடிவமும் பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் வடிவமும் அண்ணன் தம்பி மாதிரி. எம்பிபி+ ஐயே ஒரு காலத்தில் சைப்பர்குவாட் என்ற பெயரில் களைக்கொல்லியாகச் சோதித்திருக்கிறார்கள். பாராகுவாட் செல்லைத் தாக்கும் வழி கொஞ்சம் வேறு. அது செல்லுக்குள் ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் திரும்பத் திரும்ப உண்டாக்குகிறது. ஆனால் செடிகளின் வேரிலிருந்து எடுக்கும் ரோட்டினோன் என்ற பூச்சிமருந்து, எம்பிபி+ முடக்குகிற அதே மைட்டோகாண்ட்ரியா இடத்தைத்தான் முடக்குகிறது. வேரிலிருந்து வந்தது என்பதால் அது சாது ஆகிவிடாது.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது இந்தக் கதையின் பிற்பகுதி. அந்த ஹெராயினைப் போட்டுக்கொண்டும் ஒன்றும் ஆகாதவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுடைய மூளையை 1985இல் பெட் ஸ்கேன் (மூளை வேலை செய்யும் விதத்தைக் காட்டும் படம்) எடுத்துப் பார்த்தால், நோய் அறிகுறி எதுவும் இல்லாமலேயே டோபமைன் திறன் குறைந்திருந்தது. வெளியே தெரியாமல் உள்ளே காயம். பிறகு 1999இல் லாங்ஸ்டன் குழு, எம்பிடிபி தாக்கி 3 முதல் 16 ஆண்டுகள் கழித்து இறந்த மூன்று பேருடைய மூளையை ஆராய்ந்தது. நஞ்சு உடம்பைவிட்டுப் போய் எத்தனையோ நாளாகிவிட்டது. அப்படியும் அங்கே செல்கள் செத்துக்கொண்டிருந்ததற்கான அடையாளங்களும், மைக்ரோக்லியா என்கிற காவல் செல்கள் இன்னும் கொதிநிலையில் இருந்ததும் தெரிந்தன. அந்த ஆய்வை முதன்முதலில் படித்த நாள் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. வந்து போன நஞ்சுதானே என்று நான் எண்ணியிருந்தது அன்றோடு மாறியது.

டொனால்ட் கால்ன் என்பவரும் லாங்ஸ்டனும் 1983லேயே ஒரு கருத்தை முன்வைத்தார்கள். எப்போதோ ஒருமுறை பட்ட அடி கொஞ்சம் செல்களைக் கொன்றுவிடுகிறது. மீதி வயதாவதால் மெல்லக் குறைகிறது. இரண்டும் சேர்ந்து ஒருநாள் எல்லையைத் தாண்டும்போது நடுக்கம் வருகிறது. முதலிலேயே கையிருப்பு குறைந்தவருக்குச் செலவு தாங்காது என்பதுபோல. முதல் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளிலும் பரவிய தூக்க மூளைக்காய்ச்சலில் பிழைத்த பலருக்கு, சில ஆண்டுகள் கழித்துப் பார்க்கின்சன் போன்ற நிலை வந்ததும் இந்தக் கருத்துக்குத் துணை நின்றது.

இந்தக் கையிருப்பு உவமை எனக்கும் பிடிக்கும். ஆனால் அது மட்டும் போதாது. ஃபியர்ன்லி, லீஸ் என்ற இருவர் 1991இல் லண்டனில் செல்களை எண்ணிப் பார்த்தார்கள். நோயில்லாதவர்களுக்குப் பத்து ஆண்டுக்கு 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகச் செல்கள் ஒரே சீராகக் குறைகின்றன. பார்க்கின்சனில் அப்படியில்லை. சரிவு முதலில் மிக வேகமாக நடந்து பிறகு தணிகிறது. சாகும் செல்கள் இருக்கும் இடமும் வேறு. முதுமை ஒரு பக்கம் அரிக்கிறது என்றால், நோய் வேறு பக்கத்திலிருந்து தொடங்குகிறது. ஆக, குழந்தையில் கொஞ்சம் போனது, வயதில் மீதி போனது என்ற எளிய கணக்கு ஒத்துவரவில்லை. எத்தனை செல்கள் போயின என்பதைவிட, மிஞ்சிய செல்கள் எந்த நிலையில் வளர்ந்தன என்பதுதான் பெரிய கேள்வி என்பது என் எண்ணம். விலங்கு ஆய்வுகளும் அந்தப் பக்கம்தான் கைகாட்டுகின்றன.

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் டெபோரா கோரி-ஸ்லெக்டாவின் குழு 2000களின் தொடக்கத்தில் செய்த சோதனை ஒன்று. பிறந்து சில நாளே ஆன சுண்டெலிக் குட்டிகளுக்குப் பாராகுவாட்டையும் மானெப் என்ற பூஞ்சைக்கொல்லியையும் சிறு அளவில் கொடுத்தார்கள். அப்புறம் நிறுத்திவிட்டு, வளர்ந்த பிறகு அதே மருந்துகளை மறுபடி கொடுத்தார்கள். குட்டியில் ஒருமுறை பட்டிருந்த எலிகளுக்கு வளர்ந்த பின் விழுந்த அடி, புதிதாகப் பட்ட எலிகளுக்கு விழுந்ததைவிட மிகக் கடுமையாக இருந்தது. நடமாட்டம் சுருங்கியது, டோபமைன் செல்கள் கூடுதலாகப் போயின. முதல் அடி ஆளை வீழ்த்தவில்லை, இரண்டாவது அடியைத் தாங்கும் தெம்பைப் பறித்துவிட்டது.

எனக்கு இதைவிடத் தெளிவாகத் தெரிவது டீல்டிரின் ஆய்வு. இது இப்போது பல நாடுகளில் தடைசெய்யப்பட்ட பழைய பூச்சிமருந்து. கொழுப்பில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உடம்பில் தங்கும். கர்ப்பமாக இருந்தபோதும் பால் கொடுத்தபோதும் தாய் எலிகளுக்கு அதைச் சிறு அளவில் கொடுத்தார்கள். குட்டிகள் பார்க்க நன்றாகவே வளர்ந்தன. ஆனால் டோபமைன் செல்லில் இரண்டு புரதங்களின் விகிதம் மாறியிருந்தது. ஒன்று வெளியிலிருந்து டோபமைனை உள்ளே இழுக்கும் வாசல். மற்றது உள்ளே வந்ததைப் பையில் அடைத்துப் பத்திரப்படுத்துவது. வாசல் வழியாக டோபமைன் மட்டும் நுழைவதில்லை, எம்பிபி+ போன்ற நஞ்சும் அதே வாசலில்தான் நுழைகிறது. இந்தக் குட்டிகளுக்கு அடைக்கும் வேலையைவிட இழுக்கும் வேலை ஓங்கியிருந்தது. பின்னால் எம்பிடிபி கொடுத்தபோது சேதமும் கூடியது, ஆண் எலிகளில் அதிகமாக. மனிதரிலும் இந்த நோய் ஆண்களுக்குத்தான் கூடுதலாக வருகிறது. இரண்டையும் உடனே முடிச்சுப்போட்டுவிடக் கூடாது, ஆனாலும் கவனிக்க வேண்டிய ஒற்றுமை.

சிகாகோவில் வேறொரு குழு பூச்சிமருந்தே இல்லாமல், கர்ப்பிணி எலிகளுக்குப் பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள நச்சைக் கொடுத்தது. குட்டிகள் குறைந்த டோபமைன் செல்களோடு பிறந்தன. கருவில் இருக்கும்போது எழும் அழற்சியே இப்படி ஒரு தடத்தை விட்டுச் செல்லலாம்.

சரி, குழந்தைக்கு மட்டும் ஏன் இப்படி? உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தை நம்மைவிட அதிகம் மூச்சு விடுகிறது, அதிகம் குடிக்கிறது. தரையில் தவழ்ந்து, அந்தக் கையை வாயில் வைக்கிறது. நஞ்சை உடைக்கும் நொதிகள் இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. சில பூச்சிமருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் பாராக்சோனேஸ் என்ற நொதி, பிறந்த குழந்தையிடம் பெரியவர்களைவிட வெகுவாகக் குறைவு. அதே காலத்தில்தான் மூளை தன் இணைப்புகளைப் பின்னிக்கொண்டிருக்கிறது.

இனி மனிதர்கள். இங்கே ஆதாரம் மெலிகிறது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு குழந்தையைப் பிறந்ததிலிருந்து 60 வயது வரை தொடர்ந்து பார்ப்பது யாருக்கும் எளிதல்ல. ஆகவே தற்செயலாகக் கிடைத்த சில தடயங்களை வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

அவற்றில் பழையது பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவு. அங்கே வாழும் சமோரோ மக்களிடையே பார்க்கின்சன், மறதி நோய், தசைகள் செயலிழக்கும் நோய் மூன்றும் கலந்த ஒரு கொடிய நோய் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அசாதாரண அளவில் இருந்தது. இளவயதிலேயே தீவைவிட்டுப் போய் அமெரிக்காவில் குடியேறியவர்களுக்குக்கூட, போய்ப் பல பத்தாண்டுகள் கழித்து அது வந்தது. நச்சுள்ள சைக்கஸ் மரத்தின் விதையை ஊறவைத்து மாவாக்கி உண்பது அங்கே வழக்கம். அதுதான் காரணமா என்பதில் ஆய்வாளர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் சந்தேகமில்லை. வாழ்க்கை முறை மாறியபின் பிறந்த தலைமுறையில் நோய் பெரும்பாலும் மறைந்துவிட்டது. மரபணு ஒரே தலைமுறையில் அப்படி மாறாது. சூழலில் இருந்த ஏதோ ஒன்று, சின்ன வயதில் உள்ளே போய், வெகுகாலம் அமைதியாக இருந்திருக்கிறது.

அடுத்தது கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு. எந்த வயலில் எந்த மருந்து எப்போது அடிக்கப்பட்டது என்ற பதிவு அங்கே 1974 முதல் இருக்கிறது. இதன் அருமையை ஆய்வு செய்பவர்களுக்குத்தான் தெரியும். நோய் வந்தவர் "ஆமாம், அப்போதெல்லாம் நிறைய அடித்தார்கள்" என்று நினைவுகூர்வார், நோய் வராதவர் மறந்திருப்பார். பதிவு இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. பீட்டே ரிட்ஸ் குழு 2009இல் வெளியிட்ட கணக்கின்படி, மானெப்பும் பாராகுவாட்டும் அடிக்கப்பட்ட வயலிலிருந்து 500 மீட்டருக்குள் வசித்தவர்களுக்கு நோய் வாய்ப்பு 75 சதவீதம் அதிகம். 1974க்கும் 1989க்கும் இடையில் இரண்டு மருந்துகளும் பட்டு, 60 வயதுக்குள் நோய் கண்டறியப்பட்டவர்களை மட்டும் பார்த்தால் அது நான்கு மடங்கு. அதாவது, இள வயதில் பட்டவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்ற திசையைக் காட்டுகிறது.

மூன்றாவது லெஜூன் என்ற அமெரிக்க மரைன் படை முகாம். அங்கே 1953 முதல் 1987 வரை குடிநீரில் டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் கலந்திருந்தது, உலோகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கப் பயன்படுத்துவது. 1975க்கும் 1985க்கும் இடையில் அங்கே இருந்த வீரர்களை, அப்படிக் கலப்படமில்லாத வேறொரு முகாமில் இருந்தவர்களோடு ஒப்பிட்டு 2023இல் ஆய்வு வெளியானது. பார்க்கின்சன் 70 சதவீதம் அதிகம். அவர்கள் அங்கே போனபோது வயது சராசரியாக 20தான், தங்கியதும் இரண்டு வருடம் அளவுக்குத்தான். நோய் வந்தது பல பத்தாண்டுகள் கழித்து. இவர்கள் குழந்தைகள் இல்லை என்பது உண்மை. ஆனால் இளமையில் கொஞ்ச காலம் பட்டதற்கு நடுவயதில் விலை கொடுக்க நேரும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்றை நான் பார்த்ததில்லை.

மரபணுவின் பங்கையும் விட்டுவிடக் கூடாது. இரட்டையர்களைப் பற்றி 1999இல் வந்த பெரிய ஆய்வில், 50 வயதுக்குமேல் வரும் நோயில் மரபின் பங்கு குறைவாகவும், 50க்குமுன் வருவதில் மிகப் பெரிதாகவும் தெரிந்தது. உங்கள் அப்பா 50க்குமேல். குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லையென்றால் நீங்கள் மரபணுப் பரிசோதனைக்கு ஓட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. மருத்துவர் சொன்னால் யோசிக்கலாம்.

எண்களைக் கேட்டுப் பயந்திருப்பீர்கள், கொஞ்சம் பொறுங்கள். 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவருக்குத்தான் இந்த நோய் இருக்கிறது. ஆபத்து இரண்டு மடங்கானாலும், நூறு பேரில் 98 பேருக்கு அது இல்லை. உங்கள் அப்பாவோடு அதே வரப்பில் விளையாடியவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு நடுக்கம் வந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

மகளைப் பற்றி. மருந்து அடிக்கும் நாளில் அவள் வயல் பக்கம் போக வேண்டாம். எத்தனை நாள் உள்ளே போகக் கூடாது என்று டப்பாவின் சீட்டில் போட்டிருந்தால், அதற்குக் குறைவாக முடிவெடுக்காதீர்கள். அடித்தவர் குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள், குழந்தைத் துணியோடு சேர்க்கவே கூடாது. மீந்த மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அது 50 வருடம் கழித்து வரும் ஆபத்தில்லை, அன்றைக்கே உயிரை எடுப்பது. பாராகுவாட் என்றால் ஒரு மடக்கு போதும். வீட்டுக் கிணறு வயலோரம் இருந்தால் நீரைச் சோதித்துவிடுங்கள். வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் மருந்து கலக்கும் வேலையை வேறொருவர் செய்யட்டும். தாய்ப்பாலில் நஞ்சு இருக்குமோ என்று பயந்து பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள், அதனால் கிடைக்கும் நன்மை மிகப் பெரிது. உடம்பிலிருந்து நஞ்சை வெளியேற்றுகிறோம் என்று விற்கும் பொடிகளையும் சிகிச்சைகளையும் நம்பிப் பணம் போடாதீர்கள். அப்பாவுக்கு அந்த வயதில் பட்டது இன்று ரத்தத்தில் தேடிக் கண்டுபிடிக்கும் விஷயமும் இல்லை, வடிகட்டி எடுக்கும் விஷயமும் இல்லை.

அப்பாவுக்குக் காரணம் எதுவானாலும் சிகிச்சை ஒன்றுதான். மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரை நன்றாகக் கேட்கும், நேரம் தவறாமல் கொடுங்கள். வேர்க்க வேர்க்க நடப்பதும் உடற்பயிற்சியும் மாத்திரைக்கு நிகரான மருந்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம், அப்பா வயலில் என்னென்ன பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் அடித்தார், எத்தனை ஆண்டுகள், கையுறை போட்டாரா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கைக்குழந்தையாகப் பட்டதோடு முடிந்திருக்காது. வளர்ந்தபின் அவரே முதுகில் தெளிப்பானைச் சுமந்திருப்பார். எலிகளில் பார்த்த இரண்டாவது அடி அங்கேதான் இருந்திருக்கலாம்.

இதைப் பாட்டியிடமும் சொல்லுங்கள். வரப்பில் கிடந்த அந்த ஒரு வருடத்தைப் பிடித்துக்கொண்டு அவர் தன்னைத் தண்டித்துக்கொள்கிறார். பிள்ளையை வீட்டில் விட்டுவர ஆள் இருந்திருந்தால் அவர் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டார். இது நஞ்சு, பிள்ளையைத் தள்ளி வை என்று அன்றைக்கு அவரிடம் சொல்லியிருக்க வேண்டியவர்கள் மருந்தை விற்றவர்களும் அனுமதித்தவர்களும். நான் மேலே சொன்ன சுண்டெலி ஆய்வுகள் வெளிவந்ததே உங்கள் அப்பாவுக்கு முப்பது வயது தாண்டிய பிறகுதான். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, இதை மெதுவாக, ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்லிவிட்டு, அப்புறம் அவரைச் சாப்பிட வையுங்கள்.